கடைசியாகப் பார்த்தவர்

டிசம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டு என் மனைவி உலகம்மை கொடுத்தது. "சர்வர்ல என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க. நேத்து செஞ்ச தப்பையே இன்னைக்கும் செஞ்சுட்டு எம்மேல எரிஞ்சு விழுதீங்க" என்றாள். நான் எரிந்து விழவில்லை. காபியில் சர்க்கரை இல்லை என்று மட்டும் சொன்னேன். போகட்டும். இதில் சர்வர் விஷயம் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று முடிவு.

விஷயம் இதுதான். மனம் கலங்கி, வீடு மறந்து, தெருவில் திரிகிறவர்களை எடுத்து வந்து வைத்துக்கொள்ளும் இல்லங்கள் தென் மாவட்டங்களில் ஏழு உண்டு. ஏழும் சேர்ந்து 'கரை' என்று ஓர் இணையதளம் நடத்துகின்றன. இல்லங்களில் இருப்பவர்களின் படங்கள் ஒரு பக்கம். 'தேடுகிறோம்' என்று, ஆளைத் தொலைத்த வீட்டார் படம் போடுவதற்கு இன்னொரு பக்கம். தளத்தை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். பாளையங்கோட்டை இல்லத்தை நடத்தும் ஜெபமணி அக்கா போன வாரம் எங்கள் கல்லூரிக்கு வந்து உதவி கேட்டார். கணினி ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ஜனவரி 19 அன்று ஒரு டிவி சேனலில் கரையைப் பற்றி அரை மணி நேரம் காட்டப் போகிறார்கள். அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தளத்தைத் திறப்பார்கள். இப்போது இருப்பதோ 19,240 படங்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. கிராமத்தில் ஒருவர் செல்லில் ஒரு பக்கத்தைத் திறந்தால் முப்பது முகங்களும் வந்து சேர்வதற்குள் அவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். எல்லாவற்றையும் சிறிதாக்கியாக வேண்டும். சர்வரோ சின்னது, ஒரே ஒரு ஜிபி நினைவகம். யாரோ தானமாகக் கொடுத்தது. அதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

வீட்டில் சொன்னபோது உலகம்மை தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணன் அதுல இருப்பாவன்னா போறீங்க?"

"சும்மா இரு. படத்தச் சின்னதாக்கற வேலை" என்றேன்.

அண்ணன் செண்பகராமன் பம்பாயில் இருக்கிறான். பதினோரு வருடமாக ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

டிசம்பர் 4, புதன்

காலை ஆறு மணிக்கு மொத்தப் படங்களையும் சேர்த்து ஓடவிட்டேன். நாலு நிமிடம். சர்வர் விழுந்தது. கூடவே தளமும் விழுந்தது.

ஏழு மணிக்கு ஜெபமணி அக்கா போன் செய்தார். "தம்பி, பக்கம் வெள்ளையா இருக்கே. நீங்க ஏதாவது தொட்டீங்களா?" நான் தொடவே இல்லை என்றேன். பச்சைப் பொய்.

டிசம்பர் 5, வியாழன்

இன்றும் விழுந்தது.

டிசம்பர் 7, சனி

கல்லூரி விடுமுறை. பாளையங்கோட்டை இல்லத்துக்கு நேரிலேயே போனேன். படம் எடுப்பவர் தளவாய் அண்ணன். ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் அவர்தான். ஆளைக் கூட்டி வந்ததும் குளிப்பாட்டி, முடி வெட்டி, வேறு சட்டை போட்டு, வயிறாரச் சாப்பிட வைத்த பிறகுதான் படம். "வீட்டாளுங்க பாக்கையில மனசு ஒடையக் கூடாதுல்லா சார்" என்றார். அது போக இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. ஆகவே, வந்து சேர்ந்த தேதியைப் பிறந்த நாள் மாதிரி வைத்து வருடா வருடம் பாயசம் வைக்கிறார்கள். அன்று புதிதாக இரண்டு மூன்று படம். ஆயிரத்து நானூறு பேருக்கு 19,240 படங்கள் எப்படி வந்தன என்று அப்போதுதான் புரிந்தது.

நான் போன நேரத்தில் ஒருவருக்கு ஐந்தாவது 'பிறந்த நாள்'. எனக்கும் ஒரு டம்ளர் பாயசம் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்தேன். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

சர்வர் ஏன் விழுகிறது என்றும் இன்று கண்டுபிடித்தேன். கோப்பாக இருக்கும்போதுதான் படம் நாலு எம்பி. சின்னதாக்குவதற்காகத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் நினைவகத்தில் விரியும். மடித்து வைத்த பட்டுப்புடவை அலமாரியில் ஒரு மூலையில் கிடக்கிறது, விரித்தால் கட்டில் பத்தவில்லை. நாலு எம்பி படம் திறந்தால் ஐம்பது எம்பி, தளவாய் அண்ணனின் புதுச் செல்லில் எடுத்தது இருநூறு எம்பி. என் புரோகிராம் அப்படி எட்டை ஒரே நேரத்தில் விரித்துப் போட்டிருக்கிறது. சர்வர் என்ன செய்யும், பாவம்.

இனி ஒரு நேரத்தில் ஒன்று. விரி, சிறிதாக்கு, மடி, அடுத்தது. மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. இரண்டு நாளாகக் கொட்டுகொட்டென்று மழை. விளக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. உலகம்மை ஓலைக் கொழுக்கட்டை செய்தாள். பனையோலை வாசனைக்கே நாலு சாப்பிட்டேன்.

ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலை கரண்டு போனதில் அறுந்தது. திரும்ப ஓடவிட்டால், மடையன், முதல் படத்திலிருந்து ஆரம்பிக்கிறது! ஆறாயிரம் படம் செய்த வேலை பாழ். செய்யச் சொன்ன மடையன் நான்தான். இப்போது முடிந்தவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்துவிட்டேன். எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரும். செய்ததைத் திரும்பச் செய்யாது. வேலையையும் என் கணினியில் இருந்து விடுவித்து, சர்வரிலேயே தனியாக ஓடும்படி செய்தாயிற்று.

டிவியில் குற்றாலத்தில் வெள்ளம் காட்டினார்கள். உலகம்மை சேனலை மாற்றினாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

நல்ல நாள். ஜேபெக் வகைப் படத்தை முழுதாக விரிக்காமலே, எட்டில் ஒரு பங்கு அளவில் திறக்க வழி இருக்கிறது. நமக்கு வேண்டியது உள்ளங்கை அளவு முகம்தானே? அதற்கு எதற்கு முழுப் புடவை? அப்படித் திறந்ததும் நினைவகச் செலவு ஐம்பதிலிருந்து ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் "ஆகா!" என்று கத்திவிட்டேன். பெரிய அளவு வேண்டிய படத்துக்கு அரைப் பங்கில் திறந்து முதலில் அதைச் செய்து, பிறகு அதிலிருந்தே சின்னதையும் எடுத்துக்கொள்கிறேன். மூலத்தை இரண்டு தடவை திறப்பதில்லை.

ஒரு நாளைக்கு மூவாயிரம் படம் ஓடுகிறது. ஓடி முடிந்ததை அதிகாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

"எல்லாத்தையுமா பாப்பீங்க? இருவது பாத்தா போதாதா?" என்றாள் உலகம்மை.

"தரம் சரியா இருக்கான்னு பாக்கணும்லா."

காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இன்று சர்க்கரை இருந்தது.

டிசம்பர் 21, சனி

காலை எட்டு மணிக்குத் தளவாய் அண்ணன். "சார், என்ன சார் இது, எல்லாரும் படுத்துட்டாங்க!"

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தளத்தைத் திறந்தேன். பார்த்தால், தளத்தில் ஆயிரத்துச் சொச்சம் முகங்கள் பக்கவாட்டில் கிடக்கின்றன. காரணம் நான்தான். படத்துக்குள் எடுத்த தேதி, செல்லின் பெயர் என்று ஏகப்பட்ட சங்கதி ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் மிச்சம் என்று எல்லாவற்றையும் நேற்று உரித்து எறிந்தேன். செல்லை எந்தப் பக்கம் பிடித்து எடுத்தார்கள் என்ற குறிப்பும் அதில்தான் இருந்திருக்கிறது. அது போனதும் நிமிர்த்தச் சொல்ல ஆளில்லை. முதலில் நிமிர்த்தி, பிறகு உரித்திருக்க வேண்டும்.

"நீங்களும் செல்ல ஒரே பக்கமாப் பிடிச்சு எடுக்கக் கூடாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு கையால அவரப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையாலல்லா சார் எடுக்கேன். கைய விட்டா பயந்துருவாங்க."

சரி அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

படம் 2117.

நிமிர்த்துவதற்கு முன் கிடந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். அதில் இது. வலது கன்னம் கீழே, கண் என்னை நேராகப் பார்க்கிறது. சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரே பாயில் எதிரும் புதிருமாகப் படுப்போம். அம்மா விளக்கை அணைத்த பிறகும் அவன் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் முகத்தை நான் அதிகம் பார்த்தது அப்படிக் கிடந்துதான். இடது புருவத்தில் ஊஞ்சலில் இருந்து விழுந்த வெட்டு. 2117-க்கும் புருவத்தில் ஏதோ நிழல் இருந்தது.

நிமிர்த்தும் கட்டளையை உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். உலகம்மை பின்னால் வந்து நின்றது தெரியாது.

"நிமுத்துங்க, பாப்போம்" என்றாள்.

நிமிர்த்தினேன். வேறு யாரோ. மதுரை இல்லத்தில் எட்டு வருடமாக இருப்பவர். பெயர் கேட்டால் சிரிப்பாராம். புருவத்தில் இருந்தது முடியின் நிழல்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

டிசம்பர் 23, திங்கள்

எல்லா முகங்களும் நிமிர்ந்தன.

டிசம்பர் 28, சனி

ஜெபமணி அக்காவோடு சண்டை. சின்னப் படம் தயாராகிவிட்டதே, பெரிய மூலப் படங்களை அழித்துவிட்டால் சர்வர் மூச்சு விடுமே என்றேன்.

"அழிக்கவே கூடாது தம்பி."

"அக்கா, எண்பது ஜிபி சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கட்டும். ஒரு அம்மா வந்து நகத்தப் பாக்கணும்பாங்க. பல்லப் பாக்கணும்பாங்க. சின்னப் படத்துல எங்க போய் நகத்தத் தேடுவீங்க?"

கடைசியில் சமாதானம்: மூலங்கள் இல்லத்துக் கணினியில் ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், சர்வரில் சின்னவை மட்டும். புதிய படங்களைச் செல்லிலேயே சிறிதாக்கி அனுப்பும்படி பதிவேற்றப் பக்கத்தை மாற்றிவிட்டேன். யாருடைய செல்லோ அதுவே தன் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வரட்டும், சர்வரின் தலையில் கொட்டுவானேன்? அதனால் 'தேடுகிறோம்' பக்கத்தில் படம் போடுவதும் இப்போது நொடியில் முடிகிறது. சோதிப்பதற்கு என் படத்தையே போட்டுப் பார்த்து அழித்தேன். வேறு படம் கையில் இல்லை.

இருக்கிறது. பீரோவில்.

ஜனவரி 3, வெள்ளி

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன். பெயர் குப்பாயி. தளம் இப்போதெல்லாம் சட்டென்று திறக்கிறதாம், மகள் காட்டினாளாம். படம் 8840 தன் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது, ஆனால் உறுதி இல்லை. "காதுல ஆடு கடிச்ச வெட்டு இருக்கும் சாமி. இதுல காது மொழுமொழுன்னு இருக்குது" என்றார்.

சின்னப் படத்தில் காது பத்துப் புள்ளி. ஆடு கடித்தது எங்கே தெரியும்? தளவாய் அண்ணன் டிஸ்க்கிலிருந்து மூலத்தை எடுத்துக் கொடுத்தார். பெரிதாக்கினேன். காதோரம் ஒரு சின்ன வெட்டு.

அனுப்பினேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டுவது கேட்டது. பிறகு, "அவருதான் சாமி" என்றார்.

ஜெபமணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

ஜனவரி 6, திங்கள்

குப்பாயி அம்மா விடிய விடியப் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இல்லத்துக்குப் போயிருந்தேன், பதிவேட்டைச் சரிபார்க்க. அவர் வீட்டுக்காரருக்கு முதலில் ஆள் தெரியவில்லை. இந்த அம்மா அழவில்லை, கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையில் இருந்து வேர்க்கடலை எடுத்து, தோலை ஊதி ஊதி அவர் உள்ளங்கையில் போட்டார். ஏழாவதோ எட்டாவதோ கடலையில் அவர் தலையைத் தூக்கி, "மாடு கட்டிட்டயா?" என்றார்.

"கட்டிட்டேன்" என்றார் அந்த அம்மா. ஒன்பது வருடம் கழித்து.

தளவாய் அண்ணன் படம் எடுக்க மறந்துவிட்டார். நான் பதிவேட்டைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

'தேடுகிறோம்' படிவத்தில் ஒரு மாற்றம். 'கடைசியாகப் பார்த்தவர்' என்ற கட்டத்தைப் பலர் நிரப்பாமலே அனுப்பிவிடுகிறார்கள் என்றார் ஜெபமணி அக்கா.

"அதத்தான் முக்கியமா கேக்கணும் தம்பி. என்ன சட்ட போட்டிருந்தாங்க, எந்தப் பக்கம் போனாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அவங்கதான் எழுத மாட்டாங்க. குத்த உணர்ச்சி. கட்டாயம்னு போட்டுருங்க."

போட்டுவிட்டேன். கீழே 'அப்போது நடந்தது' என்று இன்னொரு கட்டம். இரண்டையும் நிரப்பாவிட்டால் சிவப்பில் ஒரு வரி வரும்: 'இந்த இடத்தை நிரப்பாமல் அனுப்ப முடியாது.' வரியை எழுதியதும் நான்தான்.

இந்த நோட்டில் சர்வர் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்றிருந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 2013 ஆடி மாதம். அண்ணனுக்கு மனம் சரியில்லாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றான். குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் தெளியும் என்று அம்மா சொன்னாள். நான்தான் கூட்டிப் போனேன். சீசன் கூட்டம். இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு பஜ்ஜி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. பொழுது சாயும்வரை தேடினேன்.

அப்போது எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகம்மையைத்தான். "இது வெளிய தெரிஞ்சா பொண்ணு தர மாட்டாவ. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு" என்றாள் அம்மா. போலீசில் எழுதிக் கொடுக்கவும் விடவில்லை. நானும் விடாப்பிடியாக நிற்கவில்லை. தனியாக மட்டும் தேடினேன், பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல் என்று. கல்யாணம் முடிந்தது. பிறகு சொல்ல நாக்கு எழவில்லை. உலகம்மையிடமே இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். அம்மா 2019-இல் போய்விட்டாள். கடைசி வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் பானை பொங்கும் நேரம் பார்த்துத் தென்காசிச் சித்தி போன். அம்மாவின் தங்கை, பிச்சம்மாள். நாலு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"செண்பகம் பேசினானால?"

"பேசினான் சித்தி. லீவு இல்லயாம்."

"ம்... சரிய்யா. பேசினா நான் கேட்டேன்னு சொல்லு."

வருடா வருடம் இதே கேள்வி. என் வாயைக் கிண்டுவதில் சித்திக்கு அப்படி என்ன சந்தோஷமோ! எரிச்சலில் கரும்பைக் கடித்து ஈறைக் கிழித்துக்கொண்டேன்.

சர்வர்: பழைய படங்கள் எல்லாம் முன்பே முடிந்தன. இனிமேல் வருகிற புதுப்படங்கள் ஒரு வரிசையில் நிற்கும். தளத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் முதல் இடம். கூட்டம் குறைந்திருக்கும்போது மட்டும் வரிசையிலிருந்து ஒன்று எடுத்து நிமிர்த்தி, உள்ளங்கை அளவு ஆக்கும். கூட்டம் வந்தால் ஒதுங்கி நிற்கும்.

ஜனவரி 18, சனி

நாளைக்கு டிவி. எல்லாம் தயார். ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வருவது போலச் சோதித்தேன். சர்வர் விழாமல் நின்றது.

9-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

பஜ்ஜி வாங்கப் போகவில்லை. அம்மாவிடம் சொன்னது அது. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது.

அருவிக்குப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்து அண்ணன் மிரண்டான். "கையப் பிடிச்சுக்கோல" என்றான். முப்பத்தைந்து வயது ஆள், தாடி வேறு. பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். எதிரில் என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன், புது மனைவியோடு வந்தான். என்னைப் பார்த்து, எங்கள் கையைப் பார்த்தான். நான் கையை உதறிவிட்டேன். பத்தடி முன்னால் போய் அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

தளவாய் அண்ணன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுக்கிறார். அவருக்கு அவர்கள் யாரோ.

ஜனவரி 19, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. ஜெபமணி அக்கா டிவியில் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தார். தளத்தின் பெயரைத் திரையில் காட்டிய நிமிடத்திலிருந்து எண்ணிக்கை ஏறியது. இருநூறு, அறுநூறு, ஆயிரத்து இருநூறு. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நினைவகத்தையே பார்த்தேன். அறுபத்தொரு சதவீதம். அதற்குமேல் ஏறவில்லை. முகங்கள் பட்பட்டென்று திறந்தன. எங்கேயோ முன்பின் தெரியாத வீடுகளில் மனிதர்கள் செல்லைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சின்னச் சர்வரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தேடுகிறோம்ல எத்தன பேரு போட்டிருக்காங்க?" என்றாள் உலகம்மை.

"நாப்பத்தி ஏழு."

"நாப்பத்தி எட்டு ஆகட்டுமே."

போய் பீரோவைத் திறந்து, எங்கள் கல்யாண ஆல்பத்துக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டையில் அண்ணன். எங்கே வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

செல்லில் படம் பிடித்தேன். படிவத்தைத் திறந்தேன். பெயர். ஊர். வயது. அடையாளம்: இடது புருவத்தில் வெட்டு. இடம்: குற்றாலம், பேரருவி. அடுத்த கட்டத்தைத் தாண்டி 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் வந்தது: இந்த இடத்தை நிரப்பாமல் அனுப்ப முடியாது.

ஊர் முழுக்கப் பார்க்கப் போகிற பக்கம். மாமா, மச்சான், சித்தி, ஆய்வகத்துப் பிள்ளைகள்.

கடைசியாகப் பார்த்தவர்: கைலாசம், தம்பி.

அப்போது நடந்தது: கூட்டத்துக்குப் பயந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். நான் விட்டுவிட்டேன்.

உலகம்மை படித்தாள். இது அவளுக்கும் தெரியாது. பஜ்ஜிதான் தெரியும். திட்டுவாள் என்று குனிந்துகொண்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னயக் கட்டறதுக்காகச் சொன்ன பொய்யி இது. நானும் சேந்துதான் அனுப்பணும்" என்று சொல்லி, மவுஸில் இருந்த என் கைமேல் கை வைத்து அழுத்தினாள்.

கூட்டம் இருந்ததால் அண்ணனின் படம் வரிசையில் காத்திருந்தது. நான் எழுதிய விதி. அவனுக்காக அதை மாற்றவில்லை. பன்னிரண்டரைக்கு ஏறியது. நிமிர்ந்தே வந்தது. நான் நன்றாக அழுதேன்.

ஜனவரி 20, திங்கள்

காலை ஏழு மணி. சித்தி. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"ஏல கைலாசம், எம் மருமக செல்லுல காட்டினா. நம்ம செண்பகத்தப் பாத்தேன்."

"சித்தி... அண்ணன் பம்பாய்ல இல்ல."

"தெரியும்ல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே தெரியும். நீ குத்தாலத்துல அழுதுக்கிட்டு அலைஞ்சத சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் ஓடி வந்து கேக்கதுக்குள்ள உங்க அம்மா பம்பாய்னுட்டா. அக்கா சொன்ன பொறவு நான் என்னத்தக் கேக்க? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம். வருசா வருசம் பொங்கலுக்குக் கேட்டேன்லாடே, இந்தத் தடவயாவது சொல்லுவியான்னு."

"சித்தி..."

"ஒவ்வொரு சீசனுக்கும் நானும் சித்தப்பாவும் போயி அருவிக்கரையில தாடி வச்சவன் ஒருத்தன் விடாமப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். சங்கரன்கோயில் மாமா ஆடித்தபசுத் திருவிழா தவறாம மண்டபம் மண்டபமாத் தேடுதாரு. வாயத் தொறந்து, இவனப் பாத்தீங்களான்னு ஒருத்தர்ட்ட கேக்க முடியல. பம்பாய்ல இருக்கவன இங்க எதுக்குத் தேடுதீங்கன்னு கேட்டா என்ன சொல்ல? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காமத் தனித்தனியாத் தேடிருக்கோம், பாரேன்!" சித்தி மூக்கை உறிஞ்சினாள். "கைய விட்டேன்னு எழுதிருக்கியே. நீ அப்ப சின்னப்பய. அத நெனச்சு அழாத, என்ன? சரி, நீ போட்டிருக்கற படம் நல்லாவே இல்ல. எங்கிட்ட எம் மக கல்யாணத்துல சிரிச்ச மாதிரி ரெண்டு படம் இருக்கு. அனுப்புதேன். அதப் போடு."

பத்து மணிக்குள் சித்தியிடமிருந்து இரண்டு வந்தன. சங்கரன்கோயில் மாமாவிடமிருந்து ஒன்று, தாடியோடு. வருடா வருடம் சட்டைப் பையில் கொண்டுபோவாராம், நாலாக மடித்த தடம் தெரிந்தது. கோயம்புத்தூர் மச்சான் மூன்று. அண்ணன் வேலை பார்த்த பிரஸ்ஸின் முதலாளி, எப்படிக் கேள்விப்பட்டாரோ, மிஷின் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று. மதியத்துக்குள் சின்ன அத்தை இரண்டு அனுப்பினாள். பாதிப் பேர் ஆல்பத்தின் மேல் செல்லைக் கோணலும் மாணலுமாகப் பிடித்து எடுத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் போட்டேன். 'வரிசையில் 9 படங்கள்' என்று காட்டியது. உலகம்மை தான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக ஏறின. கிடந்தவற்றையெல்லாம் சர்வர் நிமிர்த்திவிட்டது. ஒன்பதிலும் அண்ணன் எங்களை நேராகப் பார்த்தான்.